யாருக்கும் வேண்டாத பெயர்

முன்னொரு காலத்தில், அரசனின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டியக்காரனுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கும் ராஜ்யம் ஒன்று இருந்தது. அந்த ராஜ்யத்தின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ராஜாவின் பெயரைச் சொல்லியே வாய் வலித்துப் போகும், அதற்குமேல் ஊர்ப் பெயர் சொல்லத் தெம்பு இருக்காது. நம் வசதிக்காக அவரை உதயகேசரி என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய முழுப் பெயரில் எட்டில் ஒரு பங்கு.

அரண்மனையில் யார் பிறந்தாலும் பெயர் வைக்கும் உரிமை திரிலோக நாவலர் என்ற ஆஸ்தானப் புலவருக்கு இருந்தது. ராஜாவின் யானைக்குட்டிக்குப் பெயர் வைப்பதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். ராஜாவுக்குப் பிறந்த முதல் மூன்று ஆண் குழந்தைகளுக்கும் அவர்தான் பெயர் வைத்தார். முதல் பெயரில் சூரியன் இருந்தான், இரண்டாவதில் சிங்கம் இருந்தது, மூன்றாவதில் ஏழு கடலும் இருந்தன. மூன்று குழந்தைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. அரசி அமரவல்லி அதற்குப் பிறகு அந்தப்புரத்தை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள்.

நாலாவதாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் ராஜா சபைக்கு வந்தார். நாவலர் ஓலைச்சுவடியைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை அவர் எட்டுத் திக்கு யானைகளையும் ஒரே பெயருக்குள் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ராஜா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"நாவலரே, நீங்கள் வைக்கும் பெயரை நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் என் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்" என்றார்.

ராஜா தனக்கு வேண்டிய பெயரை விவரித்தார். நாலு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அதன் பொருளைக் கேட்டால் எமன் திரும்பிப் போய்விட வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஏட்டுச்சாட்சி போதாது, உயிருள்ள சாட்சி வேண்டும். கடைசியாக, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நரை திரை கண்டவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்க வேண்டும். பதினாறாம் நாள் பெயர் சூட்டு விழா. அதற்குள் பெயர் வந்தாக வேண்டும் என்றார்.

வைத்த மூன்று பெயருக்கும் தன் தலையே பொறுப்பு என்று நாவலருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தலை போகும் நேரத்திலும் அடுத்தவன் தலையைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர் அவர். விகடகவி இன்மொழியார் பக்கம் திரும்பினார்.

இன்மொழியார்தான் நம் ஆள். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சபையில் ராஜாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். ராஜா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிடுவதை நாவலரால் சகிக்க முடியவில்லை. இன்மொழியார் என்பது ராஜா கொடுத்த பட்டம். பட்டத்துக்கு முன்னால் அவருக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது.

"மன்னா, சபையில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கும் இன்மொழியாரை விட இதற்குத் தகுந்தவர் யார் இருக்கிறார்? அவரால் முடியாவிட்டால் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்" என்றார் நாவலர். ராஜாவும் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஒரு பெயர் உலகத்திலேயே கிடையாது என்று நாவலர் நினைத்தார். கேட்ட மாத்திரத்தில் இன்மொழியாருக்குப் பெயர் தெரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துப் போனதும் அதனால்தான். அது அவருடைய சொந்தப் பெயர்.

குப்பன்.

நம் பக்கத்தில் இந்தப் பெயர் எப்படி வரும் என்று பலருக்குத் தெரியும். பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்த குழந்தையை ஒரு முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கிடத்துவார்கள். பிள்ளை தங்கிய வேறொருத்தி வந்து அதைத் தூக்கிக்கொள்வாள். பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் தன் குழந்தையைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்வாள். குப்பன், குப்பாயி என்று பெயர் வைத்துவிடுவார்கள். இன்மொழியார் சின்ன வயதிலேயே ஊரை விட்டு வந்தவர். தன் பெயருக்கு அர்த்தம் குப்பை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஏன் வைத்தார்கள் என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

பட்டம் கிடைத்த புதிதில் ஒரு காரியம் நடந்தது. கீழ்ப்பாதி என்ற கிராமத்தில் நெல் குத்திப் பிழைத்த அவர் தாய் வீராயி, மகனைப் பார்க்க ஒரு தூக்குச்சட்டியில் கம்பங்கூழை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்து வந்தாள். அரண்மனை வாசலில் மகன் பட்டு உடுத்தி நாவலரோடு பேசிக்கொண்டு போவதைப் பார்த்ததும் சந்தோஷத்தில், "குப்பா" என்று ஊரே கேட்கக் கூப்பிட்டுவிட்டாள். இன்மொழியார் திரும்பவில்லை. நாவலர் திரும்பிப் பார்த்துவிட்டு, யாரோ குப்பை அள்ளுபவனைத் தேடுகிறாள் போலிருக்கிறது என்றார். இன்மொழியார் ஆமாம் என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஆள் இல்லாத நேரம் பார்த்து மதிலோரமாக வந்து அம்மாவிடம் பேசினார். "இங்க அந்தப் பேரச் சொல்லாதம்மா. எனக்குன்னு ஒரு மரியாத இருக்கு" என்றார். அவள் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, 'வாடா' என்றும் சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் ஊருக்குப் போனால், "வாங்க, சாப்டீங்களா" என்று கேட்டாள். வேறு யாரோ வீட்டுப் பிள்ளைக்குப் பரிமாறுவதுபோலப் பரிமாறினாள். தவறு தன்னுடையது என்று இன்மொழியாருக்குத் தெரியும். தெரிந்தும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது பட்டம் போனால் போகட்டும் என்று இருந்துவிடவும் அவர் துணியவில்லை, பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை. வேறு பெயர் கிடைக்காதா என்று மூன்று நாள் தெருத்தெருவாக அலைந்தார். கல்லன் என்று ஒருவனைக் கண்டுபிடித்தார், அவன் முப்பது வயதிலேயே இருமிக்கொண்டிருந்தான். வேம்பன் என்று ஒருவன் இருந்தான், நாட்டுக்கே அவன் ஒருவன்தான். போகிற இடமெல்லாம் கடைத்தெருவிலும் படித்துறையிலும் யாராவது ஒரு குப்பன் யாராவது ஒரு குப்பனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் அரசி ஆள் அனுப்பினாள். திரைக்குப் பின்னால் இருந்துதான் பேசினாள். மடியில் குழந்தை முனகும் சத்தம் கேட்டது.

"புலவரே, உங்களுக்கு இது பட்டம் போகும் வழக்கு. நாவலருக்கு இது போட்டி. எனக்கு இவன் ஒரு தடவை தும்மினால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த பெயர் எதுவாக இருந்தாலும், எவ்வளவு கேவலமாக இருந்தாலும், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்" என்றாள்.

இன்மொழியாருக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கே வண்டியைப் பூட்டச் சொல்லிக் கீழ்ப்பாதிக்குப் போனார்.

வீராயி நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் எழுந்து தடுக்கை எடுத்துப் போட்டாள். இன்மொழியார் தடுக்கில் உட்காரவில்லை, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தனக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தாள் என்று முதல் தடவையாகக் கேட்டார். நாற்பது வயதுக்கு மேல் ஆன ஒருவன் பெற்றவளிடம் அதை அன்றைக்குத்தான் கேட்கிறான் என்றால் அவனை என்ன சொல்லித் திட்டுவது?

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"ஒங்களுக்கு முன்னால நாலு பேருங்க. மூத்தவன் முத்து. அடுத்தவ தங்கம். அப்புறம் ரத்தினம். நாலாவது பவளம், அவ மூணு மாசம்தான் இருந்தா. வீட்ல குந்துமணி தங்கம் கெடையாது, பேருலயாச்சும் இருக்கட்டுமேன்னு நல்ல நல்ல பேரா வெச்சேன். ஒண்ணொண்ணா களவு போயிருச்சு. அஞ்சாவதுக்குப் பேரு கேட்டாங்க. களவாணி எத விட்டுட்டுப் போவான்னு யோசிச்சேன். குப்பையத்தான விட்டுட்டுப் போவான்."

அவ்வளவுதான் சொன்னாள். தனக்கு மேலே நாலு பேர் இருந்தது இன்மொழியாருக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெயரைத் தன்மேல் எறிந்த அழுக்காகவே அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார். அது தன்னைச் சுற்றி அவள் போட்ட வேலி என்று இப்போது தெரிந்தபோது, மதிலோரத்தில் நின்று தான் பேசிய பேச்சு ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. அவருக்கு அழுகை வந்தது. வீராயி பதறிப்போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அரசியின் குழந்தையைப் பற்றிச் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் வண்டியில் ஏறினாள். வழியில் இன்மொழியார் அவளிடம், பழையபடி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"வாய் பழகிப் போச்சுங்க. இனிமே வராதுங்க" என்றாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதினைந்தாம் நாள் சபை கூடியது. இன்மொழியார் தாயை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாவலர் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெயர் எங்கே என்று ராஜா கேட்டார்.

"மன்னா, பெயரைச் சொல்வதற்கு முன் ஓர் அனுமதி வேண்டும். தாங்கள் எனக்கு மானியமாகத் தந்த மேலூரை இந்தச் சபையில் ஒருவருக்குக் கொடுக்க விரும்புகிறேன். நான் சொல்லப்போகும் பெயரை இன்று முதல் தமக்கே வைத்துக்கொள்பவர் யாரோ, ஊர் அவருக்கு" என்றார்.

மேலூர் மூன்று போகம் விளையும் ஊர். ராஜா சரி என்று தலையசைப்பதற்குள் சபையில் இருபது கைகள் மேலே போய்விட்டன. இரண்டு கையையும் தூக்கியவர்களும் உண்டு. நாவலருடைய கை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. பெயர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"பெயர், குப்பன்" என்றார் இன்மொழியார்.

ஒரு கை தலைப்பாகையைச் சரிசெய்வது போலக் கீழே வந்தது. இன்னொன்று கொசுவை விரட்டியது. சேனாதிபதியின் கை மீசையைத் தேடிக்கொண்டு இறங்கியது. நாவலர் தன் கையை அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்துக்கொண்டார். நாலு மூச்சு விடுவதற்குள் சபையில் ஒரு கை மேலே இல்லை.

"மன்னா, இவர்களைத் தங்களுக்குத் தெரியும். கோயில் விளக்கில் எண்ணெயைக்கூட விட்டுவைக்காத கைகள் இவை. ஓர் ஊரையே சேர்த்துக் கொடுத்தும் இவர்கள் தொடாத பொருளை எமனா தொடப்போகிறான்? பொருளைக் கேட்டீர்கள். இதுதான் பொருள்."

ராஜாவின் உதடு லேசாக அசைந்தது. நாவலர் குதித்து எழுந்தார். சூரிய வம்சத்துப் பிள்ளையைக் குப்பை என்பதா, இப்படி ஒரு பெயரை மனிதன் எவனாவது வைத்துக்கொள்வானா என்று கத்தினார். இன்மொழியார் ராஜாவை உப்பரிகைக்கு அழைத்துப் போனார். கீழே சந்தை நாள் கூட்டம். கட்டியக்காரனிடம் முதலில் திரிலோக நாவலர் பெயரை உரக்கக் கூப்பிடச் சொன்னார். ஒரு காக்கை மட்டும் திரும்பிப் பார்த்தது. அடுத்து, "குப்பா" என்று கூப்பிடச் சொன்னார்.

சந்தையில் பாதிக் கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. உப்பு விற்பவன் எழுந்து நின்றான். மாட்டுக்காரன் ஒருவன் ஏன் என்று கேட்டான். கோலூன்றிய எண்பது வயதுக் கிழவர் ஒருவர், பல் இல்லாத வாயால், இதோ இருக்கேன் என்றார். ராஜாவுக்குப் பின்னால் கவரி வீசிக்கொண்டிருந்தவனும் வாய் தவறி, "சாமி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் தனக்கு விசிறியவனின் பெயர் ராஜாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லோரும் சபைக்குத் திரும்பியதும் நாவலர் கடைசியாக ஒரு கொம்பைப் பிடித்துக்கொண்டார். இதற்கு மூலம் எது, சாட்சி யார் என்றார்.

"மூலம் ஒன்று இல்லை, நாவலரே. எத்தனை குப்பன் உண்டோ அத்தனை மூலம். அதில் ஒன்றைக் காட்டுகிறேன். என் பெயர் குப்பன். சாட்சி, வாசலில் நிற்கும் என் தாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் பார்த்து, குப்பை அள்ளுபவனைத் தேடுகிறாள் என்று சொன்னீர்களே, அவள்தான். அன்று நான் ஆமாம் என்றேன். அதைவிடக் கேவலமான காரியத்தை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை."

வீராயியை உள்ளே அழைத்து வந்தார்கள். அவள் ராஜாவைக் கும்பிட்டுவிட்டுத் தன் நாலு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் நினைவிருக்கிறதா என்று ராஜா கேட்டார்.

"மறக்கிறதுக்கா சாமி பேரு வெக்கிறோம்" என்றாள்.

ராஜா சிம்மாசனத்தில் அமர்ந்தபடியே தன் மூன்று பிள்ளைகளின் பெயரையும் மெதுவாகச் சொன்னார். மூன்றாவது பெயரின் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை எடுத்துக் கொடுக்க வேண்டிய நாவலர் ஓலைச்சுவடியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அன்று சபைக்கு வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அரசி, நாளைக் காலையிலேயே குப்பைமேட்டுச் சடங்கை நடத்த வேண்டும் என்று தோழியிடம் சொல்லி அனுப்பினாள். பிள்ளையைத் தூக்க வீராயிதான் வர வேண்டும் என்றாள்.

மறுநாள் காலையில் அந்த ராஜ்யம் காணாத காட்சி நடந்தது. குதிரை லாயத்துக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டைச் சுற்றிப் பட்டும் பீதாம்பரமுமாகச் சபை முழுவதும் நின்றது. சேனாதிபதியின் சரிகைச் செருப்பில் சாணி. தவிட்டுப் படியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய வேலை நாவலருக்குக் கிடைத்தது. அவர் அதற்குள் குப்பையின் பெருமை என்று நூறு பாட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அரசி தன் கையால் குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பத்தடி நடந்தாள். அந்தப் பத்தடியை நடக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீராயி போய் முறத்தை எடுத்தாள். தூக்கியவள் பிள்ளையை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். கடைசித் தடவை எமன் காதிலும் விழும்படி சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

முதல் தடவை காதோடு சொன்னாள். இரண்டாம் தடவை பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. மூன்றாம் தடவை நிமிர்ந்து, தொண்டை முழுவதையும் திறந்து, "குப்பா" என்று இழுத்துக் கூப்பிட்டாள். இன்மொழியார் சிறுவனாக இருந்தபோது பொழுது சாயும் வேளையில் வயல் வரப்பில் நின்று அவள் கூப்பிட்ட அதே குரல், அதே இழுப்பு.

"இதோ வந்துட்டேம்மா" என்றார் இன்மொழியார்.

சொல்லிவிட்டு நிற்கவும் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, குப்பைமேட்டில் கால் புதையப் புதைய ஏறி, அவள் முன்னால் போய் நின்றார். தான் எங்கே நிற்கிறோம் என்பதே அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாவது பிள்ளை போனதிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அரசிகூடச் சிரித்துவிட்டாள். வீராயி மட்டும் சங்கடப்பட்டுக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒங்களக் கூப்புடலீங்க. புள்ளையத்தான் கூப்ட்டேன்" என்றாள்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி இன்மொழியார் கழுத்தில் போட்டார். மேலூரோடு கீழ்ப்பாதியும் இனி உமக்கே என்றார். பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஒரு விகடத்தை நீர் செய்ததே இல்லை என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். இன்மொழியார் வழக்கப்படி மூன்று தடவை குனிந்து வணங்கினார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, மகன் தன் தொழிலைச் சரியாகத்தான் செய்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, வீராயியும் சிரித்தாள்.